நீலப்பாசி விலை விழுந்த வாரம்

என் மனைவி யோன்சிலுக்கு மூன்று வருடமாக ஒரு எதிரி இருந்தான். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. பெயர்கூடச் சொந்தப் பெயர் இல்லை. ‘தூங்காத நத்தை’ என்று வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனைத் திட்டாமல் எங்கள் வீட்டில் ஒருவேளைச் சோறு தொண்டையில் இறங்கியதில்லை.

யோன்சில் தென்கொரியாவின் தென்மேற்குக் கரையில் உள்ள மொக்போவில், பழைய சந்தைக்குப் பின்னால், துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, வயிறு போட்டவர்களுக்குத் தையலைப் பிரித்து இடம் விடுவது. நான் புக்ஹாங் துறையிலிருந்து பிகும் தீவுக்குப் போகிற கப்பலில் வண்டிகளை ஏற்றி நிறுத்துகிறவன். கடை மூலையில், தையல் மெஷினுக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. எங்கள் மகள் சியோலுக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. அதில் அவள் ஆடிக்கொண்டிருந்த ‘ஏழு தீவு’ என்ற ஆன்லைன் விளையாட்டும் இருந்தது. யோன்சில் அது என்னவென்று பார்க்கத்தான் திறந்தாள். பிறகு மூடவே இல்லை.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உலாவுகிற உலகம் அது. பெரும்பாலானவர்கள் அங்கே பூதங்களோடு சண்டை போடப் போகிறார்கள். யோன்சில் முதல் நாளே ஒரு நண்டிடம் கடிபட்டுச் செத்தாள். அதோடு வாளைக் கீழே வைத்தவள்தான். ‘ஊசிமுனை’ என்ற பெயரில் கரையோரப் பாறைகளில் ஏறி நீலப்பாசி பறிக்க ஆரம்பித்தாள். சண்டைக்குப் போகிறவனுக்குத் தோல்கவசம் வேண்டும். தோலைப் பதப்படுத்த நீலப்பாசி வேண்டும். அதைப் பறிக்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. ஆகவே ஏலச்சந்தையில் அதற்கு நல்ல விலை இருந்தது. ஒரு கட்டு நாற்பது வெள்ளி.

யோன்சில் நாற்பது என்று போட்டால் நத்தை முப்பத்தொன்பது என்று போடுவான். அங்கே குறைந்த விலைச் சரக்குதான் முதலில் போகும். இவள் முப்பத்தெட்டு போடுவாள்.

“ஏங்க, இதப் பாருங்க. முப்பத்தெட்டு போட்டுட்டு ஒரு காபி குடிச்சிட்டு வரேன், அதுக்குள்ள முப்பத்தேழு! இவனுக்கு வேற பொழப்பே இல்லையா?”

“உனக்கு?” என்றேன்.

பறந்து வந்த குண்டூசி டப்பாவிலிருந்து தப்பினேன்.

ஆனால் எனக்குத் தெரியும், அவளுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. கடைக்கு வருகிறவர்கள் கால்சட்டையை வாங்கிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே போய்விடுவார்கள். விளையாட்டுக்குள் அவள் நுழைந்தால் புதிதாக ஆட வந்தவர்கள் “ஊசிமுனை அக்கா வந்தாச்சு” என்று எழுதுவார்கள். எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார்கள். இஞ்சியோனில் நர்ஸாக இருக்கும் ‘பொரித்த கோழி’ என்று ஒரு பெண், ‘மழைக்கால நரி’ என்று யாரோ ஒருவர், இன்னும் சிலர். பாசி விற்ற வெள்ளியைச் சேர்த்து அந்த உலகத்திலேயே கடற்கரையில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்பது யோன்சிலின் ஆசை. ஓட்டுக்கூரை, பின்பக்கம் சீமைப்பனிச்சை மரம் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில், ‘ஏழு தீவு’ கம்பெனி பெரிய அப்டேட் ஒன்று வரப்போவதாக அறிவித்தது. கடல்சிங்கக் கவசம் என்று புதிதாக ஒன்று வருகிறது. அதை எதைக்கொண்டு செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. எந்தப் பொருள் என்று அப்டேட் வருவதற்கு முன் ஊகித்தவன் வாங்கிக் குவிப்பான், வந்தபிறகு பத்து மடங்குக்கு விற்பான். தவறாக ஊகித்தவன் தலையில் துண்டு. இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் நான் கற்றுக்கொண்ட பாடம்.

அந்த வாரம் ஒருநாள் யோன்சில் கப்பலுக்கே போன் செய்தாள்.

“நத்தை என் சரக்க வாங்கிட்டான்!”

“விக்கிறதுக்குத்தானே போட்ட?”

“உங்களுக்கு ஒண்ணும் புரியாது. அவன் விக்கிறவன். வாங்குறவன் இல்ல. மொத்தமா, நான் போட்ட விலைக்கே வாங்கியிருக்கான். அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு.”

அன்றே அவளும் வாங்க ஆரம்பித்தாள். மறுநாள் நத்தை இன்னும் வாங்கினான். இவள் இன்னும் வாங்கினாள். ஊசிமுனையும் நத்தையும் ஒரே பொருளை வாங்குவதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். நாற்பது ஐம்பதானது, ஐம்பது எழுபதானது. தன்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் யோன்சில், “கையில இருக்கிறதுக்கு நீலப்பாசி வாங்கி வெச்சுக்கங்க. கவசம் அதுலதான் செய்யப் போறாங்க” என்று எழுதினாள். கடைசியில் வீட்டுக்குச் சேர்த்த வெள்ளியையும் எடுத்தாள்.

வியாழக்கிழமைதான் அப்டேட் வரும் நாள். காலையில் விளையாட்டை மூடிவிடுவார்கள், மதியத்துக்குத் திறப்பார்கள். அன்று கடலில் மூடுபனி. கப்பல் ரத்து. நான் கடையில் உட்கார்ந்து சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன். யோன்சில் வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, நின்றபடியே திரையில் அறிவிப்பைப் படித்தாள்.

கடல்சிங்கக் கவசத்துக்கு வேண்டியது சிவப்புப் பவளம். நீலப்பாசி ஒரு கட்டுகூட வேண்டாம்.

அதோடு போயிருந்தால் விலை பழைய நாற்பதில் வந்து நின்றிருக்கும். அறிவிப்பின் அடியில் இன்னொரு வரி இருந்தது. ஆட்டக்காரர்களின் வசதிக்காக, வளர்ப்புப் பிராணிகள் இனி பாசி வகைகளைத் தாமாகவே சேகரிக்கும்.

யோன்சில் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசி செருகும் பஞ்சுப் பொதியில் குத்தினாள். பிறகு உட்கார்ந்தாள்.

மதியம் விளையாட்டைத் திறந்த சிறிது நேரத்தில் எல்லார் வீட்டு நாயும் பாறைக்கு வந்துவிட்டது. பூனை, கீரி, ஒருவன் வளர்த்த வாத்துகூடப் பாசியைக் கவ்விக்கொண்டு போனது. எழுபது வெள்ளி இருபதானது. கடை சாத்துகிற நேரத்தில் இரண்டு.

அவள் கம்பெனியைத் திட்டவில்லை. நத்தையையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து, யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு வாங்க வராத ஒரு பழைய கோட்டை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். அடுத்தடுத்த நாள்களில் அதன் பக்கமே திரும்பவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் சத்தமே இல்லை.

ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். “விடு, வெறும் விளையாட்டுதானே.”

“நீங்க கப்பல்ல கார நிறுத்துறீங்க. காருக்குத்தான் சக்கரம் இருக்கே, தானா போய் நிக்காதா?”

கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள்.

“என் வெள்ளி போனது போகட்டும். அந்தப் புதுப் புள்ளைங்க என்னைக் கேட்டுச்சு. நான் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். எனக்கு என்ன தெரிஞ்சுது? நத்தை வாங்குறான், அவ்வளவுதான் தெரிஞ்சுது.”

ஒரு மழை நாள் மத்தியானம், அவள் சூப்புக்கு வேண்டிய கடற்பாசி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தபோது நான் கோட்டை விலக்கி விளையாட்டைத் திறந்தேன். நத்தையைக் கண்டுபிடித்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதுதான் என் திட்டம். ஏலச்சந்தையில் தட்டுத்தடுமாறிப் பாசி விற்கிறவர்களின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். நத்தை இல்லை. திரும்பவும் மேலிருந்து பார்த்தேன். இல்லை.

யோன்சில் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“என்ன செய்றீங்க அங்க?”

“உன் எதிரியத் தேடுறேன். ஆளையே காணோம்.”

“காணோமா? ரெண்டு வெள்ளிக்குக்கூடப் போடலையா?”

பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினாள். அவளே பார்த்தாள். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நத்தை இல்லாமல் அந்த விலைப்பட்டியல் இருந்ததில்லையாம்.

“ஏதாவது ஆயிடுச்சோ?” என்றாள். முகத்தில் உண்மையாகவே கவலை. பிறகு அவனுக்குத் தனிச்செய்தி எழுதினாள்.

‘யோவ் நத்தை, உயிரோட இருக்கியா?’

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. யோன்சில் ஒரு கால்சட்டைக்கு ஜிப் மாற்றி முடித்திருப்பாள், அப்போது திரையில் ஒரு வரி வந்தது.

‘யோவ்னு கூப்பிடாத. நான் பொம்பளை.’

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை காலமாக நான் மனதில் வைத்திருந்தது எங்களுக்கு ஆகாத கிழக்கு மாகாணமான கியோங்சாங் பக்கத்து ஆள், தொப்பை, பனியன், கையில் பீர்.

‘பொம்பளைன்னா? மூணு வருசமா என் வயித்துல அடிச்சது நீதானே?’

‘நீ அடிக்கலையா? கிரேன்ல இருந்து இறங்கி வந்து பாத்தா ஒரு வெள்ளி கம்மி. குளிச்சிட்டு வந்து பாத்தா இன்னொரு வெள்ளி கம்மி. உனக்கு வேற பொழப்பே இல்லையா?’

நான் சிரித்துவிட்டேன். யோன்சில் என் தொடையில் கிள்ளினாள்.

‘சரி, அத விடு. அப்டேட்டுக்கு முன்னாடி ஏன் வாங்குன? உனக்கு யாரு சொன்னா?’

‘யாரும் சொல்லல. எங்க சைட்டு நின்னுபோச்சு. கட்டுறவன் கையில பணம் இல்ல. வேலையில்லாம கடுப்புல இருந்தேன். உன் சரக்க மொத்தமா வாங்கிட்டா ஒருநாளாவது என் விலைக்கு விக்கலாம்னு வாங்குனேன். மறுநாள் பாத்தா நீ வாங்குற! ஊசிமுனையே வாங்குதுன்னா எங்கயோ சேதி வந்திருக்குன்னு நெனச்சேன். நானும் வாங்குனேன். மூணு கிடங்கு ரொப்பி வெச்சிருக்கேன்.’

யோன்சில் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

‘நீ வாங்குறதப் பாத்துத்தான் நான் வாங்குனேன்.’

அப்புறம் யோன்சிலுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வர, இஸ்திரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரையில் நத்தையும் சிரிப்பு எழுத்துகளை வரி வரியாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

‘உனக்கு என்ன வயசு?’ என்று நத்தை கேட்டாள்.

‘முயல் வருசம்.’

‘நான் புலி வருசம். அக்கான்னு கூப்பிடு.’

“மூணு வருசம் திட்டுனவள அக்காங்கணுமா?” என்று யோன்சில் என்னிடம் கேட்டாள். ஆனாலும் ‘அக்கா’ என்றே எழுதினாள். எங்கள் நாட்டில் வருடங்களுக்கு விலங்குகளின் பெயர்; முயலுக்கு முந்தின வருடம் புலி, ஒரு வயது மூத்தவளை வேறு எப்படிக் கூப்பிட முடியும்.

அக்காவின் பெயர் பில்நாம். அடுத்தது கட்டாயம் பையனாகப் பிறக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் அவள் அப்பா வைத்த பெயர். அடுத்ததும் பெண்ணாகத்தான் பிறந்ததாம். கியோங்சாங் பக்கத்து உல்சானில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறாள். ஏணியில் மெதுவாக ஏறுவதால் சைட்டில் அவளை நத்தை என்பார்கள். மூன்று கிடங்குப் பாசியை என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு வெள்ளிக்கு விற்க மனமும் வராமல் சும்மா இருந்திருக்கிறாள்.

அதன் பிறகு தினமும் பேச்சு. எங்கள் சாப்பாட்டு மேசையில் மறுபடி சத்தம் வந்தது. ஒருநாள் பில்நாம் எழுதினாள்.

‘வடமுனையில ஒரு கலங்கரை விளக்கம் இடிஞ்சு கிடக்குதே, பாத்திருக்கியா?’

வடமுனை அந்த உலகத்தின் கடைசித் தீவு. எப்போதும் பனி மூட்டம். உள்ளே போனவன் வழி தெரியாமல் பாறையில் மோதுவான். கரையில் பாதி இடிந்த விளக்கு ஒன்று நிற்கிறது. யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம் என்று பலகையும் இருக்கிறது. கல்லோடு கல்லை ஒட்டுவதற்கு நீலப்பாசி வேண்டும். எவ்வளவு என்று பார்த்தால் தலை சுற்றும். நாற்பது வெள்ளி விற்ற காலத்தில் அதை யாரும் தொடவே இல்லை.

‘இப்ப ரெண்டு வெள்ளிதானே,’ என்றாள் பில்நாம். ‘பாதியில நிக்கிற கட்டடம் எனக்கு ஆகாது. இங்க ஒண்ணு பதினாலாவது மாடியோட என் கிரேனுக்குக் கீழ நிக்குது. தினம் அந்த வழியா போறப்ப வயிறு எரியுது. அத என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இத முடிக்கலாம்.’

இருவர் கிடங்கையும் கூட்டிப் பார்த்தார்கள். பாதிகூட எட்டவில்லை. மற்றவர்களைக் கேட்க வேண்டும். அதாவது யோன்சில் அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அதற்கு இரண்டு நாள் தயங்கினாள். எழுதுவாள், அழிப்பாள். கடைசியில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதியது இவ்வளவுதான்: ‘பாசி வாங்கச் சொன்னது நான். எனக்கு ஒண்ணும் தெரியாமலே சொன்னேன். தப்பு என்னுது. மன்னிச்சிருங்க. இப்ப வடமுனை விளக்கக் கட்டப் போறோம். விக்காத பாசி இருந்தா கொண்டு வாங்க. திருப்பித் தர எங்கிட்ட எதுவும் இல்ல.’

பொரித்த கோழிதான் முதலில் வந்தாள்.

‘அக்கா! பாசி போனா போகுது, நீங்க ஏன் போனீங்க? டூட்டி முடிஞ்சு வந்து வந்து பாத்தேன். இத்தனை நாளா எங்க இருந்தீங்க?’

மழைக்கால நரி அப்படி இல்லை. ‘குதிரை வாங்க வெச்சிருந்த வெள்ளி அது. விளக்கு எரிஞ்சா குதிரை வருமா?’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். யோன்சில் அதை இரண்டு முறை படித்தாள். “அவங்க சொல்றது சரிதானே” என்றாள்.

வேலை ஆரம்பமானது. பாசியைப் படகில்தான் கொண்டுபோக வேண்டும். மூட்டை தூக்குகிறவன் வாள் பிடிக்க முடியாது. வடமுனைக் கரையிலோ மாட்டு அளவு நண்டுகள். ஆகவே சண்டைக்காரர்களின் துணை வேண்டும். பில்நாம் எல்லாவற்றையும் சைட் நடத்துவதுபோல நடத்தினாள். முதலில் படிக்கட்டு, அப்புறம் சுவர், விளக்கு கடைசி. சொன்னதைக் கேட்காதவனுக்கு உல்சான் பாணியில் வசை விழுந்தது. ஆனாலும் யாரும் போகவில்லை. புதிதாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லார் கிடங்கிலும் நாயும் வாத்தும் கொண்டுவந்து போட்ட பாசி தேங்கிக் கிடந்தது. இரண்டு வெள்ளிக்கு விற்கச் சந்தை வரை நடப்பதே நஷ்டம். இங்கே கொண்டுவந்தால் ஒரு சுவராவது உயருகிறது.

படகுகள் அடிக்கடி கவிழ்ந்தன. நான் ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன்.

“எல்லாத்தையும் முன்னாடி அடுக்குனா கவிழாம என்ன செய்யும்? பாரத்த நடுவுல வை. லேசானத ஓரத்துல வை.”

யோன்சில் அதை அப்படியே எழுதினாள். அன்று முதல் ஒரு படகும் கவிழவில்லை. ‘யாரு சொன்னது?’ என்று பில்நாம் கேட்டாள். ‘வீட்டுக்காரர். கப்பல்ல கார் நிறுத்துறவர்.’ ‘மாப்பிள்ளைய நம்ம சைட்டுல சேத்துக்கோ’ என்று பதில் வந்தது. அன்றைக்கு நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

விளக்கு முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடைசிச் சில மூட்டைகள் குறைந்தன. கிடங்கெல்லாம் துடைத்தாகிவிட்டது. யார் யாரோ பாறைக்கு ஓடிப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு படகு தனியாக வந்தது. நரி. மூட்டைகளை இறக்கி வைத்தார்.

‘உங்க குதிரை?’ என்று யோன்சில் கேட்டாள்.

‘அது அப்புறம் வாங்கிக்கலாம். முதல்ல இத ஏத்துங்க, பாக்கணும்.’

பில்நாம் உச்சிக்கு ஏறி விளக்கை ஏற்றினாள். திரை முழுதும் மஞ்சளாக ஒரு வீச்சு. பனி பின்வாங்கியது. மெதுவாக, கரையிலிருந்து கடலை நோக்கி. அதற்குப் பின்னால் யாரும் பார்த்திராத ஒரு தீவு இருந்தது. வெள்ளை மணல், கருப்புப் பைன் மரங்கள், தூரத்தில் ஒரு மலை. பேச்சு எழுத்துகளாக ஓடுகிற பகுதியில் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். யோன்சில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்தன்று உட்கார்ந்திருந்ததுபோல உட்கார்ந்திருந்தாள்.

‘ஏய், யாராவது வாங்கடி,’ என்று பில்நாமின் செய்தி வந்தது. ‘கடைசிப் படியில என் கால் மாட்டிக்கிச்சு. நகர முடியல.’

யாரும் அதுவரை ஏறாத படி. அதில் பிழை இருப்பது கம்பெனிக்கே தெரிந்திருக்காது. அடுத்த வியாழக்கிழமை அறிவிப்பில் ஒரு வரி வந்தது: வடமுனைக் கலங்கரை விளக்கத்தின் உச்சிப்படியில் கால் சிக்கிக்கொள்ளும் பிழை சரிசெய்யப்பட்டது. அதைப் படித்துப் பொரித்த கோழி ஒரு வாரம் சிரித்தாள்.

ஆனால் அதற்கு முன்பே இன்னொன்று தெரிந்துவிட்டது. விளக்கின் அடியில் இருந்த தொட்டியில் பாசி குறைந்துகொண்டே வந்தது. விளக்கு எரிய எரியப் பாசியைத் தின்கிறது. தொட்டி காலியானால் பனி திரும்பிவிடும்.

“ஐயோ, இன்னும் வேணுமா?” என்று தலையில் கைவைத்தாள் யோன்சில். ஒரு நிமிடம் கழித்து ஏலச்சந்தையைத் திறந்தாள். நீலப்பாசி நான்கு வெள்ளி. மறுநாள் ஆறு. புதுத் தீவில் சரக்குத் தேடப் போகிறவர்களுக்கெல்லாம் விளக்கு எரிய வேண்டும். படகோட்டிகள் வாங்கினார்கள், குழுக்கள் வாங்கின. நாய்களும் பறித்துக்கொண்டுதான் இருந்தன. ஆகவே பழைய நாற்பது வரவில்லை. பதினொன்றில் வந்து நின்றது.

“பதினொண்ணு போதும்,” என்றாள் யோன்சில். “நாற்பது இருந்தப்ப புதுசா வர்றவங்களுக்கு ஒரு தோல் செருப்பு செய்யக்கூட வழியில்ல. இது சரியான விலைதான்.”

அவளிடம் மறுபடியும் கேட்க வந்தார்கள். இப்போது அவள் பதில் சொல்லும் முறை மாறியிருந்தது. “எனக்குத் தெரிஞ்சது இது, தெரியாதது இது” என்று பிரித்துச் சொன்னாள்.

வசந்தத்தில் பில்நாமுக்கு வேலை வந்தது. உல்சானில் இல்லை, எங்கள் ஊரில். புக்ஹாங் பக்கம் எழுகிற புதுக் குடியிருப்புக்கு. பஸ் நிலையத்தில் போய் நின்றோம். நான் வாட்டசாட்டமான ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். என் தோளுக்குக்கூட எட்டாத ஒரு பெண், தன்னைவிடப் பெரிய பையோடு வந்து நின்றாள்.

“ஊசிமுனை?”

“நத்தை அக்கா?”

இரண்டு பேரும் கைகளைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றார்கள். மூன்று வருடம் ஒருவரையொருவர் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு பில்நாம்தான், “பசிக்குதுடி” என்றாள்.

ஊருக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு நாங்கள் எதை வைப்போமோ அதையே வைத்தோம். புளிக்க வைத்த திருக்கை, வேகவைத்த பன்றிக்கறி, பழைய கிம்ச்சி. மூடியைத் திறந்ததும் பில்நாம் மூக்கைப் பொத்தினாள்.

“இது செத்து எத்தனை நாளாச்சு?”

“அக்கா, இது எங்க ஊரு விருந்து.”

“விருந்தா? விலையக் குறைச்சதுக்குப் பழி வாங்குறியோன்னு நெனச்சேன்.”

“உங்க கியோங்சாங் நாக்குக்கு உப்பும் மொளகாயும் தவிர வேற என்ன தெரியும்? தின்னு பாருங்க.”

தின்றாள். கண்ணில் நீர் வந்தது. அரிசிக் கள்ளை ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள், யோன்சிலைப் பார்த்தாள், இன்னொரு துண்டை எடுத்தாள். “மாப்பிள்ளை, இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எங்க ஊருல என்னைச் சேக்க மாட்டாங்க.”

கடைக்கு மேலே காலியாக இருந்த அறையில் அவளைக் குடிவைத்தோம். சாமான்களை அடுக்கும்போது யோன்சில் அவளுடைய வேலை உடுப்பை எடுத்துப் பார்த்தாள். ஆம்பிளை அளவில் தைத்த பாதுகாப்புக் கோட்டு. கை நீளம் மடித்து ஊக்கு குத்தியிருந்தது. தோள் சரிந்து முழங்கை வரை தொங்கியது.

“இதப் போட்டுட்டா அவ்வளவு உயரம் ஏறுறீங்க?”

“எல்லா சைட்டுலயும் இந்த அளவுதான் தருவாங்க. நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து இப்படித்தான்.”

யோன்சில் கோட்டைக் கீழே தையல் மெஷினுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் காலையில் பில்நாம் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கையைத் தூக்கினாள், மடக்கினாள், ஏணி பிடிப்பதுபோல மேலே எட்டினாள். எங்கேயும் இழுக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கே எடுத்த மாதிரி இருக்குடி,” என்றாள் மெதுவாக.

அந்த வார இறுதியில் சைட்டிலிருந்து இரண்டு பெண்கள் கோட்டுகளோடு வந்தார்கள். ஒருத்தி வெல்டிங் செய்கிறவள், ஒருத்தி மின்கம்பி இழுக்கிறவள். அடுத்த வாரம் இன்னும் நான்கு பேர். ஒருநாள் காலையின் முதல் கப்பலுக்கு நான் கிளம்பும்போது கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் பெண்கள் நின்று, யோன்சில் தோளில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு குண்டூசி குத்தக் குத்த, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பில்நாம் உட்கார்ந்து வெறும் சோற்றில் எள்ளெண்ணெய் விட்டுப் பிசைந்து தின்றுகொண்டே, புதுத் தீவில் கிடைக்கிற வெள்ளைச் சங்கை வாங்கி வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டாள்.

“யாராவது வாங்குறாங்களா?” என்றாள் யோன்சில்.

“அதுக்காக வாங்கக்கூடாது. எதுக்கு ஆகும்னு சொல்லு.”

“தெரியல அக்கா. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவோம்.”

நான் தொப்பியை மாட்டிக்கொண்டு துறைக்கு நடந்தேன். கடல் தெளிவாக இருந்தது. வண்டிகள் வரிசையில் நின்று காத்துக்கொண்டிருந்தன.